அலறும் உருளியும் அயன்மொழிக் கையேடும்

நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைகளில் நாள்தோறும் காணத்தகும் காட்சி ஒன்றுண்டு. பட்டறையார் 'டிரெய்லர்' என்று வழங்கும் நீண்ட பின்னூர்தியைக் கொண்டுவந்து நிறுத்திய ஓட்டுநர் கீழே இறங்கி, "பிரேக்கப் புடிச்சாப் பின்னால ஒரே கத்தலுங்க அண்ணே" என்கிறார். கம்மியர் உருளியருகே குனிகிறார், புறங்கையை அண்மையில் காட்டி வெம்மை பார்க்கிறார், "மிதிக்கும்போது மட்டும் கத்துதா, சும்மா உருளும்போதும் கத்துதா?" என்று கேட்கிறார். அவ்வொரு வினாவில் நோயின் பாதி அகப்பட்டுவிடுகிறது. நோயைச் சொன்ன மொழி தமிழ். அதன் முதலை நாடிய மொழி தமிழ். அருகில் நின்று கருவி எடுத்துத் தரும் இளைஞன் ஏவல் பெறுகின்ற மொழியும் தமிழே. ஆனால், அவ்வூர்தியின் காற்றறைமேல் பொறிக்கப்பட்டுள்ள எச்சரிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. பட்டறைப் பரண்மேல் உறங்கும் கையேடும் ஆங்கிலத்தில் இருக்கிறது. வேலை செய்யும் கை ஒரு மொழியில் இயங்க, அக்கையைக் காக்க வேண்டிய அறிவு வேறொரு மொழியில் பூட்டிக் கிடக்கிறது.

இது முறையா என்று கேட்டால் விடை ஆயத்தமாக இருக்கிறது. "தமிழ் இனிய மொழி, இலக்கிய மொழி, ஆனால் பொறிகளைப் பற்றிப் பேச அதற்குச் சொல் ஏது?" என்பர் கற்றோர் எனப்படுவோர். கோயிலுக்கு வடமொழி, கொல்லுலைக்கு ஆங்கிலம், கும்பிட்டு நிற்பதற்குத் தமிழ் என்று பங்கு பிரித்துக் கொடுத்தவர்கள் இவர்களே. இவர்களோடு சொற்போர் நிகழ்த்திப் பயனில்லை. அலறும் அவ்வுருளியையே எடுத்துக்கொண்டு, அது ஏன் அலறுகிறது, அதனை எவ்வாறு ஆய்வது, எவ்வாறு செப்பம் செய்வது என்று தமிழில் சொல்லிப் பார்த்தலே தக்க மறுமொழியாகும்.

உருளி ஏன் அலறுகிறது?

பின்னூர்தியின் ஒவ்வோர் உருளியின் உள்ளேயும் இரும்பாலான வட்டக்கூடு ஒன்று உருளியோடு சேர்ந்து சுழல்கிறது. பட்டறையில் 'டிரம்' எனப்படும் இதனைத் தடைக்குடம் எனலாம். அதனுள்ளே சுழலாமல் நிற்பவை இரண்டு பிறைக்கட்டைகள். இவற்றையே 'ஷூ' என்கின்றனர். கட்டைகளின் முதுகில் தறையாணிகளால் இறுக்கப்பட்டிருப்பது உராய்பட்டை. 'லைனிங்' என்பது இதுவே. கட்டைகளின் ஒரு முனை ஊன்றாணியிற் பொருந்தியிருக்கிறது. மறுமுனைகள் இரண்டுக்கும் இடையே, பாம்பு நெளிந்தாற் போன்ற தலையுடைய நெளிதண்டு ஒன்று இருக்கிறது.

ஓட்டுநர் மிதியை அழுத்துங்கால், அடைத்து வைத்த காற்று குழாய் வழியே ஓடிக் காற்றறையை நிரப்புகிறது. காற்றறையின் இரப்பர்ச் சவ்வு உந்துதண்டைத் தள்ளுகிறது. உந்துதண்டு நெம்புகோல் ஒன்றைத் திருப்புகிறது. நெம்புகோல் நெளிதண்டைத் திருக, அதன் தலை பிறைக்கட்டைகளை அகற்றிக் குடத்தின் உட்சுவரில் அழுத்துகிறது. ஓட்டத்தின் ஆற்றல் உராய்வினால் வெப்பமாக மாறுகிறது, ஊர்தி நிற்கிறது. மிதியை விட்டதும் காற்று வெளியேற, மீள்வில் கட்டைகளை உள்ளிழுத்துக் கொள்கிறது.

அலறல் எங்ஙனம் பிறக்கிறது? கரும்பலகையில் சுண்ணக்கட்டியை நேர்க்குத்தாகப் பிடித்து இழுத்தால் பல் கூசும் கிறீச்சொலி எழுவதைப் பள்ளிச் சிறாரும் அறிவர். கட்டி பலகையை ஒருகணம் பற்றுகிறது, மறுகணம் வழுக்குகிறது. நொடிக்குப் பன்னூறு முறை இது நிகழும்போது அதிர்வு ஒலியாகிறது. உராய்பட்டையும் குடத்தை இவ்வாறே பற்றியும் வழுக்கியும் அதிர்கிறது. குடமோ வெண்கல மணிபோல அவ்வதிர்வைப் பெருக்கி ஊருக்கு அறிவிக்கிறது.

இவ்வதிர்வுக்குக் கரணியங்கள் பல. பட்டைத்துகள் உள்ளே படிந்திருக்கலாம். மிகை வெப்பத்தால் பட்டையின் மேற்பரப்பு கண்ணாடிபோல் வழவழத்துப் போயிருக்கலாம். உருளியின் நடுக்குடத்துக் கசிவுத்தடை கிழிந்து, மசகு ஒழுகிப் பட்டையில் ஊறியிருக்கலாம். மீள்வில் தளர்ந்திருக்கலாம். ஊன்றாணி வறண்டோ தேய்ந்தோ போய்க் கட்டை கோணலாக அமர்ந்திருக்கலாம். தடைக்குடம் வெப்பத்தால் வெடிப்புற்றோ வட்டம் குலைந்தோ இருக்கலாம். பட்டை முற்றத் தேய்ந்து தறையாணியின் தலையே குடத்தைச் சுரண்டிக் கொண்டிருக்கலாம். அப்போது எழுவது கிறீச்சொலியன்று, இரும்போடு இரும்பு அறையும் கரகரப்பொலி. மிதிக்காமல் உருளும்போதே ஒலி கேட்குமாயின், கட்டை விடுபடாமல் உரசுகிறது, அல்லது தூசுத்தகடு தட்டுகிறது, அல்லது அச்சின் தாங்கியே மசகின்றி வறண்டிருக்கிறது. கம்மியர் முதலிற் கேட்ட வினாவின் கூர்மை இப்போது விளங்கும்.

ஆய்வும் செப்பமும்

முதல் வேலை, ஊர்தியைச் சமநிலத்தில் நிறுத்தி, செப்பம் செய்யப்படாத உருளிகளுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை கொடுத்தல். முட்டுக்கட்டை என்னும் இச்சொல்லைத் தமிழன் எந்தக் கையேட்டிலும் கற்கவில்லை. திருவாரூர் ஆழித்தேர் முதலாக ஊர்தோறும் தேரோடும் வீதிகளில், மலைபோல் அசைந்துவரும் தேரை நிறுத்தவும் திருப்பவும் உருளியின்கீழ்க் கட்டை இடும் தொழிலாளர் வாயில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் சொல் அது.

அடுத்து, காற்றழுத்தம் நிரம்பியிருக்க, நிறுத்தத் தடையை விடுவிக்க வேண்டும். விடுவிக்காமல் அளந்தால் அளவு பொய்யாகும். பின்னர் உராய்பட்டையின் தடிப்பைப் பார்க்க வேண்டும். கட்டைக்கு இரு துண்டாகப் பட்டை பொருத்திய காற்றுத்தடைகளில், கட்டையின் நடுவிடத்தே 6.4 மி.மீ. அளவுக்குக் குறைந்தால் ஊர்தி சாலைக்குத் தகுதியற்றது என்பது அமெரிக்க நாட்டு நெறிமுறை. மசகு ஊறிய பட்டையைத் துடைத்தும் பயனில்லை. கசிவை அடைத்துப் பட்டையை மாற்றுதலே வழி. மாற்றுங்கால் ஓர் அச்சின் இருபுறமும் சேர்த்தே மாற்ற வேண்டும்; ஒருபுறம் புதியதும் மறுபுறம் பழையதுமாக இருந்தால், மிதிக்கும்போது ஊர்தி ஒருபக்கம் இழுக்கும். தடைக்குடம் எவ்வளவு வரை தேயலாம் என்னும் விட்டத்தின் பேரளவு பெரும்பாலும் குடத்தின் விளிம்பிலேயே வார்க்கப்பட்டிருக்கும். அதனைக் கடந்த குடத்தைக் கடைந்து பயன்படுத்துதல் கூடாது. கழித்தே தீர வேண்டும்.

இனிச் செப்பம். பட்டை தேயத் தேயக் கட்டைக்கும் குடத்துக்கும் இடைவெளி பெருகும்; உந்துதண்டு நெடுந்தொலைவு தள்ள வேண்டியதாகும். அவ்விடைவெளியை நீக்குதற்காகவே நெம்புகோலில் திருகாணி ஒன்று அமைந்துள்ளது. பட்டறையார் இந்நெம்புகோலை 'ஸ்லாக்' என்பர்; தளர்வுகோல் என்பது பொருந்தும். திருகாணியின் பூட்டுவளையத்தைத் திருகுசாவியால் உள்ளழுத்தி, கட்டைகள் குடத்தைத் தொட்டு உருளி நிற்கும்வரை திருக வேண்டும். தடை பிடிக்கும்போது நெளிதண்டு எப்பக்கம் சுழலுமோ அப்பக்கமே இப்போதும் சுழலுகிறதா என்று நோக்க வேண்டும்; மாறிச் சுழன்றால் திருகுவது பிழை. தொட்ட பின்னர்க் கால் சுற்று முதல் அரைச் சுற்றுவரை பின்னே திருப்பினால், உருளி தடையின்றிச் சுழலும். பூட்டுவளையம் மீண்டும் வெளிவந்து பூட்டிக் கொண்டதா என்று பார்த்து விட்டே கையெடுக்க வேண்டும்.

இறுதியில் அளவு. மிதியை முழுக்க அழுத்தச் செய்து உந்துதண்டு எவ்வளவு வெளிப்படுகிறது என்று அளக்க வேண்டும். பெரும்பின்னூர்திகளில் மிகுதியாகப் பயன்படும் 30 என்னும் எண்ணுடைய காற்றறைக்கு, இது 2 அங்குலத்தைத் தாண்டலாகாது. 30 என்பது சவ்வின் பயன்படு பரப்பு 30 சதுர அங்குலம் என்பதைக் குறிக்கும். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் அவ்வறை தள்ளும் விசை 3,000 பவுண்டு. ஏறத்தாழ 1,360 கிலோ. வலமும் இடமும் ஒத்த அளவாக இருத்தல் வேண்டும்.

இக்கால ஊர்திகள் சிலவற்றில் தளர்வுகோல் தானே இடைவெளியை நீக்கிக் கொள்கிறது. அத்தகையதைக் கையால் மீண்டும் மீண்டும் திருகி வைத்தல் நோயை மூடி மறைத்தலாகும். தானே செப்பம் செய்ய வேண்டியது செய்யவில்லையெனில், ஊன்றாணியோ நெளிதண்டின் தேய்வளையமோ தளர்வுகோலோ பழுதுற்றது என்பதே பொருள். அப்பழுதைக் கண்டு நீக்க வேண்டும்.

இவ்வளவையும் தமிழ் சொல்லிற்றா இல்லையா? ஆங்கிலம் அறியா ஓட்டுநர் ஒருவர்க்கு இதனைப் படித்துக் காட்டினால் விளங்குமா விளங்காதா? 'சொல் இல்லை' என்போர் இப்போது வேறு சாக்குத் தேட வேண்டும்.

உயிர்கொல்லும் மௌனம்

இது சொல்விளையாட்டு என்று எவரேனும் கருதினால், இரண்டு செய்திகளை அவர் அறிதல் வேண்டும்.

ஒன்று, காற்றறையின் பின்பாதி. அதனுள்ளே பெரிய சுருள்வில் ஒன்று பல நூறு கிலோ விசையோடு அடக்கி வைக்கப்பட்டிருக்கிறது. காற்று முற்றும் இறங்கிவிட்டாலும் ஊர்தி உருண்டோடாமல் நிற்பது அவ்வில்லின் ஆற்றலால்தான். அவ்வில்லை உரிய அடக்காணியால் கட்டுப்படுத்தாமல் அறையின் கவ்விவளையத்தைக் கழற்றினால், மூடியும் வில்லும் வெடிபொருள்போற் பாயும். எதிரில் இருப்பவர் உயிர் பிழைத்தல் அரிது. இவ்வகையில் உலகின் பல பகுதிகளிலும் தொழிலாளர் மடிந்துள்ளனர். அதனாலேயே, 'கழற்றாதே' என்னும் எச்சரிக்கையை அறையின்மேல் பொறிக்கின்றனர். யாருக்காகப் பொறிக்கின்றனர்? கழற்றப் போகிறவனுக்காக. கழற்றப் போகிறவன் யார்? பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுத் தொழில் கற்க வந்த தமிழ் இளைஞன். அவனுக்கு அவ்வெழுத்து வார்ப்புக் கோலமாகத்தான் தோன்றும்.

மற்றொன்று, துகள். உராய்பட்டைகள் நெடுங்காலமாகக் கல்நார் சேர்த்துச் செய்யப்பட்டு வந்தன. கல்நாரின் எல்லா வகையும் மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பன என்று உலக நலவாழ்வு அமைப்பைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதல் வெண்கல்நாரும் உட்படத் தடை முழுமையாயிற்று. அமெரிக்கா 2024-இல் வெண்கல்நாருக்குத் தடை ஆணை பிறப்பித்தது. இந்தியாவிலோ முழுத்தடை இல்லை. எந்தப் பட்டையில் அது இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் அறிய இயலாது. ஆதலின், எந்தத் துகளையும் கல்நார்த் துகளாகவே கருதி நடத்தல் அறிவுடைமை. ஆனால் பட்டறைகளில் நடப்பது என்ன? குடத்தைக் கழற்றியதும் காற்றுக் குழாயைப் பிடித்து அத்துகளை ஊதித் தள்ளுகின்றனர். இளையவன் குனிந்து வாயாலும் ஊதுகிறான். செய்ய வேண்டியதோ, ஈரத்துணியால் துடைத்தலும், துடைத்த துணியை ஈரம் காயுமுன் மூடிய பைக்குள் இடுதலும், மூக்கையும் வாயையும் தக்க முகமூடியால் காத்தலும். இன்று உள்ளே சென்ற இழை இருபது, முப்பது ஆண்டு கழிந்த பின்னும் நுரையீரலில் புற்றாக முளைக்கும். அன்று அதற்குக் கரணியம் இந்தப் பட்டறைதான் என்று எவரும் நினைவுகூரார்.

இவ்வெச்சரிக்கைகளுள் எதுவும் தமிழாற் சொல்ல இயலாத அரிய மெய்யியல் அன்று. 'கழற்றாதே, உள்ளே வில் அடங்கியுள்ளது, உயிர் போகும்.' 'ஊதாதே, ஈரத்துணியால் துடை.' எழுத்தறியத் தொடங்கிய சிறுவனும் எழுதிவிடக் கூடியவை இவை. இவற்றை எழுதாமல் விட்டது தமிழின் ஏழைமையன்று. விற்போரின் அசட்டையும், கேட்கக் கடமைப்பட்டோரின் வாய்மூடலுமே ஆகும்.

சாலையில் செல்வோர்க்கும் இதில் பங்குண்டு. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாயில் நேர்ந்த நேர்ச்சிகள் பல. சுமையூர்திகளின் தடை பயனற்றுப் போதல் அவற்றுட் பலவற்றிற் கேட்கும் செய்தி. நெடும் இறக்கத்தில் தடையை ஓயாது அழுத்தினால் குடம் காய்ந்து விரிகிறது; விரியும் குடத்தைத் துரத்திக் கட்டை மேலும் அகல வேண்டியிருக்கிறது. முன்னரே தளர்வு மிகுந்திருந்தால், உந்துதண்டு தன் எல்லையை எட்டி நின்றுவிடும். மிதி அழுந்தும், ஊர்தி நில்லாது. பட்டறையில் திருக வேண்டிய கால் சுற்று, கணவாயில் பல உயிர்களின் விலையாக மாறுகிறது.

ஆங்கிலேயன் செய்தது என்ன?

இவ்வகைத் தடைக்கு இன்றைய வடிவம் தந்தவராகப் பிரான்சு நாட்டு லூயி ரெனோவைச் சுட்டுவர், ஆண்டு 1902. ஆங்கிலேயன் அதற்குப் பெயரிட்டபோது இலத்தீன் அகராதியைப் புரட்டிக் கொண்டிருக்கவில்லை. வட்டக்கூட்டைக் கண்டான், தான் தட்டும் முரசு நினைவுக்கு வந்தது, 'டிரம்' என்றான். வளைந்த கட்டையைக் கண்டான்; தான் காலிலிடும் மிதியடி நினைவுக்கு வந்தது; 'ஷூ' என்றான். செருமானியன் அதே முரசைத் தன் மொழியில் 'திரோம்மல்' என்றான். பிரெஞ்சுக்காரன் 'தாம்பூர்' என்றான். அவரவர் வீட்டுச் சொல்லே அவரவர் பட்டறைச் சொல்லாயிற்று. தமிழன் மட்டும் அயலான் வீட்டு முரசையும் அயலான் காலின் மிதியடியையும் தலைமேல் சுமந்து, அவற்றை அறிவியல் என்று வணங்கிக் கொண்டிருக்கிறான்.

வண்டித் தொழிலுக்குத் தமிழ் புதியதா? அச்சு, ஆரக்கால், குடம், வட்டை, கடையாணி, நுகத்தடி, மசகு ஆகியவை ஊர்த் தச்சனும் கொல்லனும் நேற்றுவரை நாவில் வைத்திருந்த சொற்கள். உப்பு வணிகராகிய உமணர் மேடுபள்ளம் நிறைந்த வழிகளை எண்ணி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியை ஒளவையார் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் வைத்துள்ளார். அளவு கடந்து ஏற்றினால் மயிற்பீலியும் அச்சை முறிக்கும் என்று சுமையின் நெறியை வள்ளுவர் அரசியலுக்கே உவமையாக்கினார். வண்டியைப் பற்றி எண்ணவும் எழுதவும் ஈராயிரம் ஆண்டாகப் பழகிய மொழி, வண்டி எருதை விட்டுப் பொறிக்கு மாறியதும் திடீரென ஊமையாகிவிட்டது என்றால் நம்புவோர் யார்?

முயன்று காட்டியோர் முன்னும் இருந்தனர். 19-ஆம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறுவை மருத்துவத்துக்கு அன்று ஏற்ற தமிழ், தடைக்குடத்துக்கு இன்று ஏலாதோ? அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. பட்டப் படிப்புக்குத் தகுதி பெற்ற மொழி, பட்டறைப் பலகைக்குத் தகுதியற்றதாம்!

குறை தமிழ்ப் பற்றாளரிடமும் உண்டு

பிறரைப் பழித்தல் எளிது. தனித்தமிழ் அன்பர்கள் தம் பக்கத்தையும் நேர்மையோடு நோக்க வேண்டும். மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய 1916-க்குப் பின் நூறாண்டு கடந்துவிட்டது. அதன் பயன் கண்கூடு. பேருந்து நிலையம் என்று எழுதாத ஊர் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு வழங்குவது மிதிவண்டி. ஆயினும், இச்சொற்கள் வென்றது எவ்வாறு? அவை பெயர்ப்பலகையிலும் பயணச்சீட்டிலும் பாடநூலிலும் மக்கள் கைபட வழங்கப்பட்டன. வழங்கப்படாத சொற்கள் அகரமுதலிகளின் பக்கங்களிலேயே வாடிக் கிடக்கின்றன.

மேடையில் நின்று 'லைனிங்' என்னும் கம்மியரை எள்ளி நகையாடுவோர் உண்டு. அது பெரும்பிழை. அவர் நாவில் அச்சொல்லை வைத்தவர் பட்டை செய்து விற்பவர். வேறு சொல்லை அவரிடம் கொண்டு சென்றவர் எவருமிலர். கொண்டு செல்லாத தமிழாசிரியன் குற்றவாளியா, கிடைத்த சொல்லால் வேலையை முடித்த தொழிலாளி குற்றவாளியா? மேலும், அத்தொழிலாளியிடமே தமிழ் இருக்கிறது. அலறலைக் 'கத்தல்' என்கிறார். தளர்வை 'லூசு' என்றாலும், அடுத்த நொடியே 'ஆட்டம் இருக்கு' என்கிறார். வழவழத்த பட்டையைக் 'கண்ணாடி பாஞ்சுபோச்சு' என்று அவர் சொல்வாரானால், அதனினும் சிறந்த கலைச்சொல்லை எந்தக் குழு ஆக்கித் தரும்? சொல்லாக்கம் நூலகத்தில் தொடங்கலாம். பட்டறையில்தான் முடிய வேண்டும். தடைக்குடம், பிறைக்கட்டை, தளர்வுகோல் என்று ஈண்டு ஆளப்பட்ட சொற்களும் கம்மியர் கையில் உரைத்துப் பார்க்கப்பட வேண்டியவையே. அவர் இவற்றினும் நல்ல சொல் தந்தால் அதுவே நிலைக்கட்டும்.

செய்யத்தக்கது

தமிழ்நாட்டில் விற்கப்படும் ஒவ்வொரு காற்றறையிலும் உராய்பட்டைப் பெட்டியிலும் உயிர்காப்பு எச்சரிக்கை தமிழில் இருத்தல் வேண்டும். ஆங்கிலம் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. வடபுலத்து ஓட்டுநர்க்கு அவர்தம் மொழியும் இருக்கட்டும். ஆனால் தமிழ்க் கை தொடும் பொருளில் தமிழ் இல்லாதிருத்தல் இனியும் பொறுக்கத் தக்கதன்று. ஊர்தியோடு தரப்படும் பழுதுபார்ப்புக் கையேடு, கேட்போர்க்குத் தமிழிலும் கிடைக்க வேண்டும். 1956-இலேயே தமிழை ஆட்சிமொழியாக்கிச் சட்டம் இயற்றிய அரசு, அவ்வாட்சியின் எல்லையைத் தலைமைச் செயலகத்துக் கோப்போடு நிறுத்திக்கொள்ளாமல், பட்டறைக்கும் நீட்டுதல் வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத பணியும் ஒன்றுண்டு. தமிழ்மன்றங்கள் இல்லாத ஊர் இல்லை. பட்டறைகள் இல்லாத நெடுஞ்சாலையும் இல்லை. பிறந்தநாள் விழாவுக்கும் வாழ்த்துச் சுவரொட்டிக்கும் செலவாகும் தாளில் ஒரு பங்கு போதும். முட்டுக்கட்டை இடு, நிறுத்தத் தடையை விடுவி, பட்டையை அள, தொடும்வரை திருகிக் கால் சுற்றுப் பின்னே திருப்பு, இருபுறமும் ஒத்திருக்கிறதா என்று பார், வில்லறையைக் கழற்றாதே, துகளை ஊதாதே. இவ்வேழு வரிகளைப் பெரிய எழுத்தில் அச்சிடுக. அச்சிடுமுன் பட்டறை மூத்தவர் ஒருவரிடம் படித்துக் காட்டி, அவர் திருத்தும் இடத்தைத் திருத்துக. பின்னர் அவர் பட்டறைச் சுவரிலேயே, இளையவன் கண்ணுக்கு நேராக ஒட்டுக.

உருளி அலறுவது உள்ளே தேய்வு நேர்ந்திருக்கிறது என்பதை அறிவித்தற்கு. அதனைக் கேட்டும் கேளாதார்போல் ஓட்டிச் செல்பவன் கணவாயில் விழிப்பான். பட்டறையில் தமிழ் இல்லை என்னும் அலறலும் நூறாண்டாகக் கேட்டுக் கொண்டிருக்கிறது. செவியுடையோர் ஊர்தியை நிறுத்திக் கீழே இறங்குவாராக.